எண் இல்லாத குழாய்

வேலைக்கு வந்த மலாய் நாட்டில், மாசாய் ஊர்க் காலைத் தேநீர்க் கடையில், இங்கே பிறந்த தமிழர்கள் என்னோடு தமிழிலேயே பேசிவிட்டு, "நீங்க இந்தியாவா?" என்று கேட்கிறார்கள். மூன்று வருடமாகியும் எதை வைத்துக் கண்டுபிடிக்கிறார்கள் என்று புரியவில்லை. அந்தக் கேள்விக்குப் பழகிவிட்டேன். போன மாதம் நடந்ததற்கு இன்னும் பழகவில்லை.

நான் இருப்பது கொதிகலன் குழாய் செய்யும் பட்டறையில். பாய்லரின் மிகச் சூடான பகுதிக்குக் குரோமியமும் மாலிப்டினமும் கலந்த எஃகுக் குழாய்தான் போட வேண்டும். சாதாரண எஃகும் பார்வைக்கு அப்படியேதான் இருக்கும். குளிர்ந்த நீரை அழுத்தி ஏற்றும் சோதனையிலும் தேறிவிடும். ஆனால் அந்தச் சூட்டில் மாதக்கணக்கில் கிடந்து, மெல்ல ஊதி, ஒருநாள் வெடிக்கும். உலோகத்தைச் சோதிக்கும் கருவி இல்லாதபோது வித்தியாசம் சொல்வது குழாயில் பொறித்த வகை எண்தான். அதனால் குழாயை வெட்டுவதற்கு முன், எண் இல்லாமல் மிஞ்சும் துண்டிலும் அதைப் பொறித்துவிட வேண்டும். திருச்சிப் பக்கம் ஒரு பட்டறையில் என் அப்பா செய்தது இந்த வேலைதான். எழுத்துத் தெரியாது, வடிவம் பார்த்து அடித்து, விரலால் தடவிச் சரிபார்ப்பார். ஒரு துண்டும் அவர் கையில் தப்பியதில்லை. வீட்டில் முதலில் படித்தவன் நான். யோங் பெங் ஊர் எண்ணெய்ப்பனை ஆலைக்கான அவசர வேலையில் எண் பொறிக்க மறந்துவிட்டேன். எண் இல்லாத ஒரு துண்டு உள்ளே பற்றவைக்கப்பட்டுவிட்டது.

சோதனைக் கருவி ரிப்பேருக்குப் போயிருந்தது. மேற்பார்வையாளர் செல்வா அண்ணன், குழாய்கள் சரிபார்க்கப்பட்டன என்று சொல்லும் பாரத்தை நீட்டினார். "அலமாக், மூஞ்சிய ஏன் இப்படி வெச்சிருக்க? நல்ல இரும்புதான் லா. சைன் போடு. அடுத்த மாசம் உன் வேலை பெர்மிட்டுக்கு நான் சைன் போடணும்ல?"

போட்டேன்.

குழாய்களைப் பொருத்த ஆலைக்கு என்னையே அனுப்பினார்கள். பாய்லர்மேன் முனியாண்டி அங்கிள், எஸ்டேட்டில் பிறந்தவர், சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துப் பாதியை என் பக்கம் தள்ளினார். "படிச்சவரு செக் பண்ணியிருக்கீங்க. இனி நான் பாய்லர் பக்கத்துலயே நாற்காலி போட்டுத் தூங்கலாம், என்ன?"

பொட்டலத்தை அவர் பக்கமே திரும்பத் தள்ளினேன்.

"தீ போடாதீங்க அங்கிள். ஒரு குழாய் என்ன இரும்புன்னு எனக்குத் தெரியாது. தெரியாமலே சைன் போட்டேன்."

அவர் முகத்தில் சிரிப்பு அடங்கச் சற்று நேரமாயிற்று. "சாப்பிடுங்க" என்றார். பிறகு மேனேஜரைத் தேடி எழுந்து போனார்.

ஆலை நான்கு நாள் நின்றது. வெளியிலிருந்து கருவி வந்தது. குழாய் சரியான குரோமிய எஃகுதான். "பாத்தியா? உன்ன நம்மாளுன்னு நெனச்சேன். நீ இந்தியாக்காரன் லா" என்றார் செல்வா அண்ணன். அன்று அது எனக்குத் தெரியாதே என்கிறேன், எனக்குள். அந்த நான்கு நாளும் ஆலையில் ஆட்கள் வேலையில்லாமல் நின்றார்கள்.

பெர்மிட் பாரம் அவர் மேசையில் இன்னும் கையெழுத்தில்லாமல் கிடக்கிறது. அது இல்லாவிட்டால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். நேற்று முனியாண்டி அங்கிள் போன் செய்தார். "பாய்லர் நல்லா ஓடுது தம்பி. தீபாவளிக்கு வீட்டுக்கு வந்துடுங்க. வேற எங்க போவீங்க?"

வருகிறேன் என்றேன். போனை வைத்துவிட்டுத் திரும்பினால், பயணப் பெட்டியில் பாதித் துணிகள் மடித்தபடி கிடந்தன. மீதி, அடுக்குமாடி வராந்தாக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தன.