டியூபை எடுத்த பகல்

பஸ் டெப்போவில் அவளை ‘ரைட்டக்கா’ என்பார்கள். வண்டி கிளம்ப அவள் ‘ரைட்’ கொடுத்தால் கடைசி சீட்டில் தூங்குகிறவரும் திடுக்கிட்டு எழுந்துவிடுவார். கண்டக்டர் வேலையில் சேர்ந்ததிலிருந்தே அடக்கிப் பழகியவள் அவள். கிளம்புகிற இடத்தில் கழிப்பறை பூட்டியிருக்கும். போய்ச் சேருகிற இடத்தில் உள்ளே கால் வைக்க முடியாது. அதனால் காலையில் தண்ணீரே குடிக்கமாட்டாள். முட்டிக்கொண்டு வந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு டிக்கெட் கிழிப்பாள்.

பெருங்குடலில் கட்டி என்று தெரிந்து, கட்டி இருந்த துண்டை வெட்டியெடுத்துத் தைத்தார்கள். கண் விழித்தபோது வயிறெல்லாம் ரணம். கட்டிலோரம் ஒரு பை தொங்கியது. டியூப் வழியாகச் சிறுநீர் தானாக அதில் இறங்கிக்கொண்டிருந்தது. எழ வேண்டாம், அடக்க வேண்டாம். அப்பாடா என்றிருந்தது. இந்த ஓய்வு கிடைக்க வயிற்றைக் கிழிக்க வேண்டியிருந்தது.

மறுநாள் காலை வந்த டாக்டரம்மா, “யூரின் டியூபை இன்னைக்கே எடுத்துடலாம்” என்றார்.

“இன்னும் ரெண்டு நாள் இருக்கட்டுமே டாக்டர். எந்திரிக்கவே தெம்பு இல்ல.”

“அது இருக்கறதாலதான் நீங்க எந்திரிக்கவே மாட்டேங்கறீங்க. உள்ளயே கிடந்தா கிருமி சேரும், காய்ச்சல் வரும். ஆசனவாய்க்குப் பக்கத்துல ஆபரேஷன் பண்ணியிருந்தா கொஞ்ச நாள் விட்டுவைப்போம். உங்களுக்குப் பண்ணது அதுக்கு ரொம்ப மேல.”

“எடுத்தப்புறம் வராமப் போச்சுன்னா?”

“சில பேருக்கு உடனே வராது. பார்த்துக்கலாம்மா.”

வாதாட அவளிடம் சக்தியில்லை. நர்ஸ் டியூபை உருவியபோது ஒரு கணம் எரிந்தது, அவ்வளவுதான்.

அதன் பிறகு ஆரம்பித்தது கேள்வி. வெல்டிங் பட்டறைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்த கணவர், அவள் கண்ணைத் திறக்கும்போதெல்லாம், “வந்துச்சா?” என்றார். போனில் நாத்தனார் கேட்டாள், கொழுந்தன் கேட்டான்.

“உன் டிரைவரும் போன் பண்ணாரு.”

“என்ன சொன்னீங்க?”

“இன்னும் ஒண்ணுக்குப் போகலைன்னேன்.”

“ஐயோ! டெப்போ பூரா பரப்பியிருப்பாரே!” சிரிப்பு வந்தது. தையல் இழுத்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகினாள்.

மதியத்துக்குள் அடிவயிறு கல்லாகிவிட்டது. நர்ஸ் கைத்தாங்கலாகக் கழிப்பறைக்குக் கூட்டிப்போய், தண்ணீர் சத்தம் கேட்டால் வருமென்று குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் கொட்டியதுதான் மிச்சம். திரும்பி வந்து வயிற்றில் ஸ்கேன் கருவியை வைத்துப் பார்த்தாள்.

“நிறையத் தேங்கியிருக்கு அக்கா.”

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. “நான் அப்பவே சொன்னேனே சிஸ்டர். மறுபடியும் பையா?”

“பை வேண்டாம். டாக்டர்கிட்ட கேட்டுட்டேன். மெல்லிசா ஒரு டியூப் விட்டு ஒரே தடவை வடிச்சுட்டு எடுத்துடறேன். மயக்க மருந்து, வலி மாத்திரை எல்லாம் சேர்ந்து மூத்திரப்பையை மந்தமாக்கிடும். தானா சரியாகும்.” கையுறையை மாட்டியபடி கேட்டாள்: “வேலையில அடக்குவீங்களோ?”

“ஓடுற வண்டியில வேற என்ன பண்றது?”

“இங்கயும் அதே கதைதான். காலையில டூட்டிக்கு வந்தவ, இன்னும் போகலை.”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“முதல்ல நீங்க போயிட்டு வாங்க சிஸ்டர். நான் எங்க ஓடிடப் போறேன்?”

நர்ஸ் சிரித்துவிட்டு, போய்த்தான் வந்தாள்.

வடித்ததும் வயிறு இளகியது, அசந்து தூங்கினாள். சாயங்காலம் கணவர் தோளைப் பிடித்துக்கொண்டு மறுபடி போனாள். நெடுநேரம் உட்கார்ந்திருந்த பிறகு எரிச்சலோடு கொஞ்சம் வந்தது. பிறகு இன்னும் கொஞ்சம். கருவியை வைத்துப் பார்த்த நர்ஸ், “இப்போ பெருசா ஒண்ணும் தங்கலை” என்றாள்.

சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை. படுத்துக் கண்ணயரும் முன்பே அடிவயிறு மறுபடி கூப்பிட்டது.

“என்னங்க, வருது.”

கணவர் கொட்டாவி விட்டபடி செருப்பைத் தேடினார். அவள் அடக்கவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்து, தையலை ஒரு கையால் தாங்கியபடி, மெல்லக் காலைக் கீழே இறக்கினாள்.