பத்து மணி நாற்பது நிமிடம்

டிக்கெட் ஆபீஸில் அவளுக்குப் பெயர் 'கடிகாரம்'. எந்த விமான நிலையத்திலிருந்து எதற்கு எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம் என்று கேட்டாலும் திரையைப் பார்க்காமலே சொல்லுவாள். கெட்டிக்காரி என்று மேனேஜர் மெச்சுவார். அது வயிற்றெரிச்சலில் வந்த கெட்டிக்காரத்தனம் என்று அவருக்கு எங்கே தெரியும்?

அவளுடைய அப்பா லாரி ஓட்டியவர். ஆஸ்பத்திரியில் இழுத்துக்கொண்டு கிடந்தபோது மகனைப் பார்க்க வேண்டும் என்று ஒன்றே ஒன்றுதான் கேட்டார். கடல் தாண்டி வேலையிலிருந்த அண்ணன் அவளிடம் போனில் சொன்னான்: "மூணு இடத்துல மாறணும்மா. வந்து சேர முப்பத்தெட்டு மணி நேரம் ஆகும். அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும். வந்து என்ன பண்றது?"

"அவ்வளவு தூரம். பாவம், அவன் என்ன பண்ணுவான்?" என்று அப்பா பரிந்துகூடப் பேசினார். மறுநாள் சாயங்காலம் கதவைப் பார்த்தபடியே போய்ச் சேர்ந்தார்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், பழகுவதற்காக அண்ணன் இருக்கும் ஊரைத் தட்டிப் பார்த்தாள். 8,430 கிலோமீட்டர். புறப்படும் நேரத்தையும் சேரும் நேரத்தையும் வைத்து அவள் கணக்குப் போட்டது தப்பாக வந்தது. பக்கத்து மேசை அக்கா சிரித்தாள்.

"ரெண்டும் அந்தந்த ஊர் நேரம்டி. வித்தியாசத்தையும் சேர்த்துப் பாரு. பத்து மணி நேரம் நாப்பது நிமிஷம். நேரா வர்ற ஃப்ளைட், இருபது வருஷமா தினமும் ஓடுது."

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அன்றைக்கே கிளம்பியிருந்தால் அப்பா அவன் முகத்தைப் பார்த்திருப்பார். யாரிடமும் மூச்சு விடவில்லை. பதினோரு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

அண்ணன் ஆபீஸ் வேலையாக ஊருக்கு வந்தான். திரும்ப வேண்டிய விமானம் ரத்தாகிவிட்டது. மறுநாள் சாயங்காலம் அங்கே அவன் மகளுக்குக் கல்யாணம். மூச்சிரைக்கத் தங்கையின் மேசைக்கு ஓடி வந்தான். அன்றிரவு நேராகப் போகும் விமானத்தில் மிஞ்சியிருந்தது ஒரே ஓர் இடம். அதை அவள்தான் பிடித்து வைத்திருந்தாள்.

"மூணு இடத்துல மாறணும்ணா. முப்பத்தெட்டு மணி நேரம்."

"என்ன உளர்றே? பத்தே முக்கால் மணி நேரம்கூட ஆகாது! எனக்குத் தெரியாதா?"

"அப்பவே தெரியுமாண்ணா?"

அவள் அவன் கண்ணெதிரிலேயே பக்கத்து மேசையில் அதே விமானத்துக்காகக் காத்திருந்த ஒரு நர்ஸுக்கு அந்த இடத்தைக் கொடுத்தாள். பிறகு மூன்று இடத்தில் மாறும் டிக்கெட்டை அச்சடித்து அவன் முன்னால் வைத்தாள்.

"அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடுமேம்மா!" அவன் கெஞ்சினான்.

"ஆமாண்ணா, முடிஞ்சிடும்," என்று சொல்லிவிட்டு, வரிசையில் அடுத்து நின்றவரைக் கூப்பிட்டாள்.