சாப்பிட்டியளோ என்று கேட்ட குரல்

மர்ழியா பிறந்தது புத்தளத்தில். அவள் குடும்பம் தொண்ணூறாம் ஆண்டு யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களில் ஒன்று. புத்தளத்துப் பள்ளிக்கூடத்தில் அவள் யாழ்ப்பாணத்தாரைப்போல "ஓம்" என்றால் மற்றப் பிள்ளைகள் சிரிப்பார்கள். பிறகு குடும்பம் யாழ்ப்பாணத்துச் சோனகத் தெருவுக்குத் திரும்பி வந்தபோது, "வாங்கோ" என்பதற்குப் பதில் வாய் தவறி "வாங்க" என்று விழுந்துவிட்டால் கடைக்காரர்கள் "பிள்ளை எந்த ஊர்?" என்று கேட்பார்கள். இரண்டு இடத்திலும் அவள் கொஞ்சம் தாழ்ந்த குரலில் பேசியே பழகிவிட்டாள்.

ஒரு தனியார் வகுப்பில் ஆங்கிலம் படிப்பித்துக்கொண்டிருந்த அவளை மொழிபெயர்ப்புக்கு அழைத்தது பின்லாந்து நிறுவனம் ஒன்று. தனியாக இருக்கும் முதியவர்களுக்கான சின்னப் பெட்டி ஒன்றை அது செய்து விற்றது. பெட்டி நேரத்துக்கு நேரம் பேசும், மருந்தை நினைவூட்டும், பதில் வராவிட்டால் பிள்ளைகளுக்குத் தகவல் அனுப்பும். பிள்ளைகளெல்லாம் வெளிநாட்டில் இருக்கும் யாழ்ப்பாணத்தில் அது நன்றாகப் போகும் என்று நம்பி, சென்னைப் பெண் ஒருத்தியின் குரலைப் பதிந்து அனுப்பினார்கள். பிள்ளைகள் வாங்கிக் கொடுத்தார்கள். பெற்றோர் ஒவ்வொருவராக நிறுத்திவைத்தார்கள். தொலைபேசியில் விசாரித்தால் எல்லோரும் ஒரே பதில்தான் சொன்னார்கள்: "நல்ல சாமான்."

காரணம் அறிய ஹன்னெலே என்ற பெண்ணை அனுப்பினார்கள். அவளும் மர்ழியாவும் வீடு வீடாகப் போனார்கள். ஒரு வீட்டில் பெட்டி பின்னல் துணிக்குக் கீழே கிடந்தது. கரவெட்டியில் ஒரு வீட்டில் கண்ணாடி அலுமாரிக்குள் பொம்மைகளோடு நின்றது.

"இதில் என்ன பிடிக்கவில்லை?" என்று ஹன்னெலே கேட்பாள்.

"எல்லாம் நல்லம். முதல் தேத்தண்ணியைக் குடியுங்கோ."

ஓட்டோவில் திரும்பும்போது மர்ழியா சொன்னாள், வீட்டுக்கு வந்தவரிடம் இங்கே யாரும் குறை சொல்லமாட்டார்கள் என்று. ஹன்னெலே வெளியே ஓடும் பனைகளைப் பார்த்தபடி, "எங்கள் ஊரில் கேட்டால் சொல்வார்கள். கேட்காவிட்டால் ஒன்றுமே பேசமாட்டார்கள்" என்றாள்.

பருத்தித்துறையில் சோமசேகரம் வீட்டுக்குப் போன அன்று காற்றே இல்லை. சோமசேகரம் பழைய கப்பல்காரர். மனைவி இறந்துவிட்டார், மகன் பிரவீணன் கனடாவில். வெயில் வெளுத்துக் கிடந்தது. கடல் நகராத தகடுபோலத் தெரிந்தது. வெக்கையில் சோர்ந்துபோன ஹன்னெலே கேள்வி கேட்பதை விட்டுவிட்டுச் சும்மா இருந்தாள். பேசாமல் இருப்பது அவளுடைய நாட்டில் மரியாதைக் குறைவு இல்லை. ஆனால் வந்த விருந்தாளி வாய் திறக்காமல் இருப்பதைச் சோமசேகரத்தால் தாங்க முடியவில்லை. இரண்டு தரம் செருமினார்.

"அது கிடக்கட்டும் பிள்ளை," என்று தானாகவே தொடங்கினார். "உந்தப் பெட்டி ஆஸ்பத்திரி மாதிரி. விடிஞ்ச உடனை குளிசை போட்டாச்சோ எண்டு கேக்குது. ஒரு மனிசனைப் பாத்தால் முதல் சாப்பிட்டியளோ எண்டெல்லோ கேக்க வேணும்? பிறகு இண்டைக்கு மனம் எப்பிடி, ஒண்டிலையிருந்து அஞ்சுக்குள்ளை ஒரு இலக்கம் சொல்லட்டாம். என்ரை மனசுக்கு நான் என்னெண்டு புள்ளி போடுறது?"

மர்ழியா சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்தாள். அவர் அவள் பக்கம் திரும்பினார்.

"நீ எந்த ஊர் பிள்ளை?"

"யாழ்ப்பாணந்தான் ஐயா. சோனகத் தெரு."

அவர் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். "தொண்ணூறிலை நான் கப்பலாலை வந்து பாக்க உங்கடை தெருவிலை ஒருத்தரும் இல்லை. சட்டை தைக்கக் குடுத்திருந்தனான். தையல்காரரும் இல்லை, கடையும் இல்லை." பிறகு மெல்லச் சொன்னார்: "உன்னை மாதிரிக் கதைச்சால் நான் மறுமொழி சொல்லுவன்."

இதை மர்ழியா மொழிபெயர்க்கவில்லை. ஹன்னெலே விடாமல் கேட்டபிறகுதான் சொன்னாள்.

கொழும்பு முகவர் கோபிசங்கருக்கு மர்ழியாவின் குரலில் பதிவதில் சம்மதமில்லை. செய்தி வாசிக்கும் தமிழ்தான் கம்பெனிக்கு அழகு என்றார். வீட்டுக்குள் யாரும் செய்தி வாசிப்பதில்லையே என்றாள் ஹன்னெலே. சோனகத் தெரு வீட்டின் பின்னறையில், சுற்றிவர மெத்தைகளை நிறுத்திவைத்து மர்ழியாவின் குரலைப் பதிந்தார்கள். முதலில் அவளுக்குக் குரல் எழும்பவில்லை. யாரைக் கேட்கிறோம் என்று தெரியாமல் எப்படிக் கேட்பது? கண்ணை மூடினாள். பின்னல் துணிகளும் கண்ணாடி அலுமாரிகளும் அந்த வெளுத்த கடலும் வந்தன. "சாப்பிட்டியளோ?" என்றாள். வாழ்க்கையில் முதன்முறையாக அவள் குரலைத் தாழ்த்தவில்லை.

பெட்டிகள் துணிக்குக் கீழிருந்து வெளியே வந்தன. மனதுக்குப் புள்ளி போடும் கேள்வி நீங்கியது. இப்போது மர்ழியா பஸ்ஸில் போகும்போது தெரியாத வீடுகளைப் பார்த்து, இந்த நேரம் உள்ளே நான் என்ன சொல்லிக்கொண்டிருப்பேன் என்று யோசிப்பாள். தான் ஒரு இடத்திலும் குரல் பல இடங்களிலுமாகப் பிரிந்து மிதப்பதுபோல அவளுக்கு ஒரு மயக்கம் வரும்.

அடுத்த ஆண்டு மாரியில் சோமசேகரம் தூக்கத்திலேயே போய்விட்டார். இறந்தவர் வீட்டில் இயந்திரம் பேசுவது அவமரியாதை, உடனே நிறுத்த வேண்டும் என்பது பின்லாந்து நிறுவனத்தின் விதி. ஆனால் செத்தவீட்டுக்கு வந்த பிரவீணன் ஹன்னெலேயை அழைத்து, "இப்ப நிப்பாட்டாதேங்கோ. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியட்டும்" என்றான். பின்லாந்து அலுவலகத்தில் பலர் திகைத்துப்போனார்கள். விளக்கம் சொல்லும்படி மர்ழியாவைக் கேட்டார்கள்.

"என்னாலை விளங்கப்படுத்த ஏலாது," என்றாள். "எங்கடை சோனக ஆக்களின்ரை வீட்டிலை வேறை மாதிரிச் சொல்லுவினம். நீங்கள் முடிவெடுக்காமல் வீட்டுக்காரரைக் கேளுங்கோ."

அதன்பிறகு யாழ்ப்பாணத்தில் அதுவே அந்த நிறுவனத்தின் நடைமுறையானது.

அந்தியேட்டியன்று மர்ழியா பருத்தித்துறைக்குப் போனாள். நாளாந்தம் அந்த வீட்டில் விளக்கேற்றி வந்த பக்கத்து வீட்டுத் துஷாந்தினி கூடத்தில் வாழையிலை துடைத்துக்கொண்டிருந்தாள். மத்தியானம் ஆனதும், "சாப்பிட்டியளோ?" என்று மர்ழியாவின் குரல் வெறும் அறைக்குள் கேட்டது.

"ஓம்," என்றாள் துஷாந்தினி, தலை நிமிராமலே. பிறகு சொன்னாள்: "கேட்டுப்போட்டுக் காத்துக்கொண்டிருக்குமெல்லோ அக்கா. பாவம்."

சாப்பாடு முடிந்ததும் பிரவீணன் மர்ழியாவைப் பார்த்தான். "நீங்களே நிப்பாட்டுங்கோ அக்கா."

அவள் பெட்டியின் பின்பக்கத்தை அழுத்தினாள். நிறுத்தும்போது விடைபெற்றுச் சொல்வதற்கென்று தான் பதிந்த வார்த்தையை அவள் மறந்தே போயிருந்தாள்.

"போட்டு வாறன்," என்றது பெட்டி.

பிரவீணன் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். இத்தனை நாளும் அவன் அழவில்லை என்று துஷாந்தினி பிறகு சொன்னாள். மர்ழியா அவனருகில் பேசாமல் இருந்தாள். வெளியே மழை கடலின் மேலே சத்தமில்லாமல் நகர்ந்துகொண்டிருந்தது.