பின்வாசல் அசனம்

சபைக் கமிட்டிச் செயலர் என் கட்டுரையைத் திருப்பிக் கொடுத்தபோது, அதில் ஒரே ஒரு வரியின் கீழ் சிவப்பு மையில் கோடு போட்டிருந்தது. மற்றதெல்லாம் நன்றாக வந்திருக்கிறது என்றார். அந்த வரியை எடுத்துவிட்டால் அன்றைக்கே அச்சகத்துக்கு அனுப்பிவிடலாம்.

"அசனத்துக்கு இன்னும் ஒம்பது நாளுதான் இருக்கு டீச்சர். பாத்துச் செய்ங்க."

சின்ன வயதில் என்னை 'ஏட்டி' என்று கூப்பிட்டவர்தான் அவர். நான் எம்.ஏ. முடித்து, கோவில்பட்டியில் ஒரு தனியார் பள்ளியில் தமிழ் எடுக்கத் தொடங்கியதும் டீச்சர் ஆகிவிட்டேன். அவர் வாயில் அந்தச் சொல் பாதி மரியாதை, பாதி கிண்டல். எனக்கு இரண்டுமே பிடிக்கும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான்தான். அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும். அதையும் நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது சிலேட்டில் எழுதிக் காட்டிப் பழக்கினேன். டீச்சர் என்று யார் எந்தக் குரலில் கூப்பிட்டாலும் எனக்கு முதுகு நிமிர்ந்துகொள்ளும்.

எங்கள் ஊர் கழுகுமலை ரோட்டில் பாதை பிரிகிற ஒரு விலக்கில் பஸ்ஸைவிட்டு இறங்கி உள்ளே நடக்கிற ஊர். எங்கள் பக்கத்துச் சபைகளில் அறுப்பின் பண்டிகைக்கு மறுநாள் கோயில் வளாகத்தில் எல்லோரும் சாப்பிடுகிற விருந்துக்குத்தான் அசனம் என்று பெயர். சர்ச்சை நாங்கள் கோயில் என்றுதான் சொல்வோம். வருஷம் முழுக்க ஒவ்வொரு வீட்டிலும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டு வைப்பார்கள். அசனத்துக்கு முதல் நாள் அந்தப் பிடியரிசி எல்லாம் கோயிலுக்கு வந்து ஒன்றாகக் கொட்டப்படும். கடையில் வாங்கிய பொன்னியும் ரேஷன் அரிசியும் கலந்த சோறு அது. ஒரு பருக்கை குழைந்திருக்கும், அடுத்த பருக்கை பல்லில் கடிபடும். அசனச் சோறு அப்படித்தான் இருக்க வேண்டும் என்று எல்லோருமே நினைத்தார்கள்.

இந்த வருஷப் பண்டிகை மலரில் அசனம் என்ற சொல்லைப் பற்றி இரண்டு பக்கம் எழுதும்படி போதகர் ஐயா என்னிடம் கேட்டிருந்தார். பந்தி தொடங்கும் முன் அதை மைக்கில் வாசிக்கவும் வேண்டும். எங்கள் தெருவிலிருந்து யாரும் அந்த மைக்கைத் தொட்டதில்லை. நான் உடனே சரி என்றேன்.

அகராதியில் பார்த்தேன். அசனம் என்றால் உண்ணுதல், சோறு, அவ்வளவுதான். வடமொழியிலிருந்து வந்த சொல். உண்ணாமல் இருப்பதற்கு அனசனம் என்று பெயர். அங்கே சபையும் இல்லை, பண்டிகையும் இல்லை. யார், எப்போது இந்தச் சொல்லைக் கோயிலுக்குள் கொண்டுவந்தார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே எழுதினேன். ஊரில் வயதானவர்களிடம் கேட்டதில் ஒன்று பிடிபட்டது. மழை பொய்த்த வருஷங்களில் ஆளுக்கு ஒரு பிடி போட்டுக் காய்ச்சிய கஞ்சிக்குத்தான் முதலில் அசனம் என்று பெயர் இருந்திருக்கிறது. பிறகு விளைச்சல் வந்த வருஷங்களில் கஞ்சி சோறானது. அதன் பிறகு நேர்ச்சை வந்தது. பிள்ளை பிறந்தால் அசனத்துக்கு ஒரு கிடா என்று நேர்ந்துகொண்டார்கள். கறிக்குழம்பு வந்ததும் பக்கத்து ஊர்களிலிருந்து கிறிஸ்தவர் அல்லாதவர்களும் வந்தார்கள். அவர்கள் அந்தச் சோற்றில் ஒரு கை எடுத்துப்போய்க் காய்ச்சல்காரர்களுக்குக் கொடுத்தார்கள். வெறும் சாப்பாடு என்று பொருள்பட்ட சொல், இப்படி மருந்துவரைக்கும் வந்துவிட்டது. இப்போது விலக்கில் 'மாபெரும் அசனம்' என்று பிளெக்ஸ் வைக்கிறார்கள்.

இவ்வளவும் செயலருக்குப் பிடித்திருந்தது. சிவப்புக் கோடு விழுந்தது இதற்கு அடுத்த வரியில்.

"கீழத்தெருவில் நாங்கள் அசனத்தைச் சாப்பிடப் போனதில்லை, வாங்கப் போனோம், பின்வாசலில் நிறுத்தப்பட்டு வாளியில் வாங்கினோம்."

எங்கள் தெருவுக்கு அசனம் என்றால் வாளிதான். எங்கள் தெரு வீடுகள் சபையில் பின்னால் வந்து சேர்ந்தவை. அம்மா தீப்பெட்டி ஆபீஸில் வேலை முடித்து, குச்சி மருந்து வாசத்தோடு, அலுமினிய வாளியை எடுத்துக்கொண்டு நேராகப் பின்வாசலுக்குப் போவாள். தெருவிலிருந்து ஏழெட்டுப் பெண்கள் அங்கே நிற்பார்கள். பந்தியெல்லாம் முடிந்த பிறகு உள்ளேயிருந்து ஒருவர் அண்டாவை இழுத்துக்கொண்டு வந்து ஊற்றுவார். நாங்கள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவோம். கோயிலுக்குள் இலை போட்டு, பாய் விரித்து, ஜெபம் பண்ணிச் சாப்பிடுகிறார்கள் என்பதே எனக்குப் பத்து வயதில்தான் தெரியும். அதுவரை அசனம் என்பது வாளிக்குள் இருக்கும் குழம்புச் சோற்றின் பெயர்.

"எடுக்க முடியாது அண்ணாச்சி," என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நிறுத்தப்பட்டுன்னு எழுதியிருக்கீங்க. யாரு நிப்பாட்டினா? நானா? எங்கப்பாவா? ஆளச் சொல்லுங்க."

எனக்கு ஆள் தெரியவில்லை.

"ஞாயித்துக்கெழம ஆராதன முடிஞ்சு அம்மாவக் கூட்டிட்டு வாங்க. அவியதான நின்னாவ. அவிய சொல்லட்டும்."

வீட்டில் சொன்னபோது அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். கை நின்றது.

"ஏட்டி, உன்ன யாரு இத எழுதச் சொன்னா?"

"ஐயாதாம்மா எழுதச் சொன்னாவ."

"அசனத்தப் பத்தி எழுதச் சொன்னாவளா, என்னப் பத்தி எழுதச் சொன்னாவளா?"

அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன்.

"உங்கப்பா கெடக்கற எடத்துக்குப் பக்கத்துல எனக்கு ஒரு எடம் வேணும். கல்லறைக்குக் கையெழுத்துப் போடுறது யாரு? அந்த அண்ணாச்சிதான? நீ கோயில்பட்டியில வீடு பாத்துப் போயிருவ. நான் இங்கனதான கெடக்கணும்."

அது வெறும் பயம் இல்லை. எங்கள் தெருவில் ஒருவரைப் புதைக்க, சபைச் சந்தாவில் ஏதோ குறை என்று சொல்லி, ஒரு பகல் முழுக்க வெயிலில் காக்க வைத்ததை நானே பார்த்திருக்கிறேன். அன்று கையெழுத்துப் போட வேண்டியவர் சங்கரன்கோவிலுக்குக் கல்யாண வீட்டுக்குப் போயிருந்தார். வேண்டுமென்று செய்தாரா, தற்செயலா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. அந்தத் தெரியாததுதான் அம்மாவைப் பயமுறுத்தியது.

அடுத்த மூன்று நாள் அம்மா என்னோடு பேசவில்லை. காலையில் எனக்கு டிபன் பாக்ஸ் கட்டி வைத்தாள். உலை வைக்கும்போதெல்லாம் பிடியரிசியைப் பானையில் போட்டாள். அந்தச் சத்தம் எனக்குப் பதில் சொல்வதுபோல இருந்தது. கோவில்பட்டி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, அறுத்து முடித்த மக்காச்சோளத் தட்டைகளையும் வெடித்துக் கிடக்கும் கரிசலையும் பார்த்துக்கொண்டு, அந்த வரியை எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். எடுத்தால் அம்மாவுக்கு இடம் நிச்சயம். மைக்கும் நிச்சயம். ஆனால் மிச்சம் இருப்பது எங்கள் வீட்டு அசனம் அல்ல, அவர்கள் வீட்டு அசனம். அதை நான் போய் மைக்கில் வாசிக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா குளித்து, நல்ல சேலை கட்டி, என்னை முன்னால் விட்டுப் பின்னால் வந்தாள். ஆராதனை முடிந்து கோயிலின் பக்கத்து அறையில் போதகர் ஐயாவும் செயலரும் உட்கார்ந்திருந்தார்கள். அம்மாவுக்கு நாற்காலி போட்டார்கள். அவள் உட்காரவில்லை.

செயலர் தன்மையாகத்தான் கேட்டார். "நீங்க சொல்லுங்க. உங்கள யாராவது பின்வாசல்ல நிப்பாட்டினாவளா?"

அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே பிள்ளைகள் மணிக் கயிற்றைப் பிடித்து விளையாடும் சத்தம் கேட்டது.

"இல்ல அண்ணாச்சி," என்றாள். "யாரும் நிப்பாட்டல."

செயலர் என் பக்கம் திரும்பினார். எனக்குக் காது சூடானது. எத்தனை புத்தகம் படித்து, எவ்வளவு யோசித்து எழுதிய வரி அது. ஒரே சொல்லில் உடைந்துவிட்டது. அதையும் உடைத்தது என் அம்மா.

"எங்கம்மா அங்கன நின்னா, நானும் நின்னேன்," என்றாள் அம்மா, அதே குரலில். "யாரும் நிப்பாட்டல. யாரும் உள்ள வான்னு கூப்பிடவும் இல்ல."

போதகர் ஐயா புதிதாக மாற்றலாகி வந்தவர். அவருக்கு எந்தத் தெரு யாருடையது என்பதே அப்போதுதான் மெல்லப் புரிந்துகொண்டிருந்தது. அவர் என் தாளை இழுத்து, 'நிறுத்தப்பட்டு' என்ற சொல்லை அடித்தார். "அவங்க சொன்னதையே எழுதுங்க," என்றார்.

செயலர் எழுந்துகொண்டே, "அதுக்கு முந்தினதே தேவல போலிருக்கே," என்றார். யாரும் சிரிக்கவில்லை.

அங்கேயே உட்கார்ந்து மாற்றி எழுதிக் கொடுத்தேன். என் வரியைவிட அம்மாவின் வரி நன்றாக இருந்தது. அதை ஒத்துக்கொள்ள எனக்கு இரண்டு நாள் ஆனது.

மலர் அச்சாகி வந்தபோது அசனத்தன்று மதியம் ஆகிவிட்டது. நான் என் பக்கத்தைப் புரட்டினேன். கஞ்சி இருந்தது, கிடா இருந்தது, காய்ச்சல்காரர்கள் இருந்தார்கள். அம்மாவின் வரி இல்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஜவுளிக்கடை வாழ்த்து விளம்பரம்.

"எடம் பத்தலன்னு அச்சகத்துல சொல்லிட்டாவ டீச்சர்," என்றார் செயலர். அவர் கையில் மைக் இருந்தது. "வாங்க, நேரமாச்சு."

வளாகம் முழுக்க இலை போட்டாகிவிட்டது. முதல் பந்தியில் மேலத்தெருக்காரர்களும் பக்கத்து ஊர் விருந்தாளிகளும் உட்கார்ந்திருந்தார்கள். மேடை ஏறியதும் அம்மாவைத் தேடினேன். காலையில் கிளம்பும்போது, "உள்ள வந்து உக்காரும்மா, நான் வாசிக்கதக் கேளு," என்று சொல்லியிருந்தேன். அவள் சரி என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை. இப்போது மேடையிலிருந்து பார்த்தால் பின்வாசல் நேராகத் தெரிந்தது. அம்மா அங்கே நின்றாள். பக்கத்தில் எங்கள் தெருப் பெண்கள். எல்லோர் கையிலும் வாளி.

வாசித்தேன். குரல் நடுங்கவில்லை, பள்ளியில் நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் தினமும் பேசுகிறவள். விளம்பரம் வந்த இடம்வரை வாசித்துவிட்டுத் தாளை மடித்தேன். செயலர் மைக்கை வாங்கக் கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை.

"இதில் ஒரு வரி விடுபட்டிருக்கிறது," என்றேன். "கீழத்தெருவில் நாங்கள் அசனத்தைச் சாப்பிடப் போனதில்லை, பின்வாசலில் வாளியில் வாங்கினோம். எங்களை யாரும் அங்கே நிறுத்தவில்லை. யாரும் உள்ளே கூப்பிடவும் இல்லை."

அந்த நேரத்தில் அம்மாவின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை. ஜெனரேட்டர் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. முதல் வரிசையில் ஒருவர் கையை இலையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஏதோ ஒரு பெண் குரல், "சோறு போடுத நேரத்துல இதெல்லாம் எதுக்கு," என்றது.

செயலர் மேடையிலிருந்து இறங்கினார். வரிசைகளுக்கு நடுவே, யாரையும் பார்க்காமல், நேராகப் பின்வாசலை நோக்கி நடந்தார். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டே வேகமாகப் போனார். கல்லறையில் அப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தக் காலி இடம் கண்ணுக்கு முன்னால் வந்தது. நான் மைக்கை அப்படியே வைத்துவிட்டு அவர் பின்னால் ஓடினேன்.

அவர் அம்மாவுக்கு முன்னால் நின்றார்.

"கூப்பிடலன்னு உங்க மக ஊரறியச் சொல்லிட்டா. இப்பக் கூப்பிடுதேன். வாங்க, வந்து உக்காருங்க."

அம்மா வாளியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள்.

"என்ன மட்டுமா அண்ணாச்சி?"

அவர் மற்ற பெண்களைப் பார்த்தார். பிறகு, ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பார்த்து, "வாங்க," என்றார். எட்டு முறை சொன்னார். ஐந்தாவது ஆளிடம் வரும்போது குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

அவர்கள் உள்ளே வந்தபோது வரிசைகள் நகர வேண்டியிருந்தது. இரண்டு குடும்பத்தார் எழுந்து, அடுத்த பந்தியில் உட்கார்ந்துகொள்கிறோம் என்று வெளியே போனார்கள். அதில் ஒரு குடும்பம் அடுத்த பந்திக்கும் வரவில்லை. அந்த இலைகள் இருந்த இடத்தில் அம்மா உட்கார்ந்தாள். வாளியைத் தன் முழங்காலுக்குப் பக்கத்தில், கை எட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டாள். மற்றவர்களும் அப்படியே செய்தார்கள். ஜெபம் முடிந்து சோறு வந்தது. அம்மா தலை தூக்காமல் சாப்பிட்டாள். நான் தண்ணீர் ஊற்றிக்கொண்டு அவளுக்கு எதிரே வந்தபோது அத்தனை நாளுக்குப் பிறகு முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தாள்.

"நம்ம அரிசிதான் வேகாம நிக்கி," என்றாள், ஒரு பருக்கையை விரலால் நசுக்கிக் காட்டி.

கை கழுவியதும் அவள் வாளியை எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போகவில்லை. முன்னால் அண்டா இருந்த இடத்துக்குப் போனாள். அங்கே செயலரே கரண்டியோடு நின்றிருந்தார். வாளியை நீட்டினாள். அவர் சோறு போட்டு, குழம்பு ஊற்றினார். ஊற்றிக்கொண்டே, பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்து, "இப்பத் திருப்திதான டீச்சர்?" என்றார். அதில் மரியாதை எவ்வளவு, கிண்டல் எவ்வளவு என்று என்னால் பிரிக்க முடியவில்லை.

அம்மா வாளியை இன்னும் இழுக்கவில்லை.

"இன்னும் ரெண்டு கரண்டி ஊத்துங்க அண்ணாச்சி," என்றாள்.