அண்ணியோடு பரங்கிமலை, இரண்டாம் முயற்சியில்

நடக்க முடியாதவர்களைப் பரங்கிமலைக்கு எப்படி அழைத்துப் போவது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். 1974 தவக்காலத்தில் தாம்பரத்திலிருந்து என் கணவரின் அக்காவோடு கிளம்பிய கதையை எழுதுகிறேன். ரோஸி அண்ணிக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய் முப்பதுகளிலேயே வந்து, கொஞ்சம் கொஞ்சமாக நடையைப் பறித்துச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்திருந்தது. மலைமேல் கோயிலில் இருக்கும் மாதாவைப் பார்த்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை.

தூரம் சுமார் பதின்மூன்று கிலோமீட்டர். மின்சார ரயிலில் நாற்காலியை ஏற்றுவது நடக்காத காரியம். போகவர, காத்திருப்பு உட்பட டாக்சிக்கு இருபது ரூபாய் பேசினோம். காலை ஆறரைக்கு வண்டி வந்தது.

தூக்கும்போது அண்ணி என் கழுத்தைக் கட்டிக்கொள்வது வழக்கம். அன்று கை நழுவியது. பேச்சும் குழறியது. நெற்றி சுடவேயில்லை. நோய் கைக்கும் ஏறிவிட்டது என்றே நினைத்தேன்.

"மலைக்கே போ ஸ்டெல்லா. செத்தாலும் மாதா காலடியில சாகறேன்" என்றார்.

டாக்சிக்காரர் திரும்பினார். "இன்னாம்மா, மலைக்கா ஆஸ்பத்திரிக்கா? அந்தம்மாவுக்குத் தலை தொங்கிகினு கீது."

"ஆஸ்பத்திரிக்கே விடுங்கண்ணா."

"துரோகி" என்றார் அண்ணி, குழறலாக.

டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி: "நேத்து எவ்வளவு தண்ணி குடிச்சாங்க?"

அண்ணியைக் கேட்டேன். பயணம் என்றால் தண்ணீரைக் குறைத்துக்கொள்வது எங்கள் வீட்டுப் பெண்களின் வழக்கம். வழியில் எங்கே ஒதுங்குவது? அண்ணி முந்தின நாள் மதியத்திலிருந்தே சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லையாம்.

"நோய் ஏறலம்மா. சிறுநீர்ல கிருமி, அது பண்ற வேலை. சின்ன வயசுல, நடமாடிட்டிருந்தப்போ தாங்கியிருப்பாங்க. இப்ப வயசும் ஆச்சு, உக்காந்தே இருக்காங்க, நீர்ப்பை முழுசா காலியாகறதில்ல. தண்ணியும் குடிக்கலன்னா கிருமி சுலபமா தங்கிடும். இந்த வயசுல சிலருக்கு ஜுரம்கூடக் காட்டாது. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா உயிருக்கே ஆபத்து."

ஊசி, மருந்து, நிறையத் தண்ணீர். நான்காம் நாள் காலையில் அண்ணி டம்ளரைத் தானே எடுத்துக் குடித்தார். செபமாலை உருட்டிக்கொண்டிருந்த என் விரல்கள் அப்படியே நின்றன. போயே போய்விட்டது என்று நாங்கள் அழுத கை! இத்தனை நாள் எங்கே ஒளிந்திருந்தது அந்த பலம்? இந்த உடம்பைப் படைத்தவரை என்ன சொல்லிப் புகழ்வது?

கூட்டத்தில் சளி ஒட்டிக்கொண்டால் இருமித் துப்பவும் அண்ணிக்குத் தெம்பு போதாது. அதனால் ஈஸ்டர் முடிந்து, கூட்டம் வடிந்த ஒரு வாரநாளில் போனோம். நீங்களும் அப்படியே செய்யுங்கள். படிக்கட்டு வேண்டாம், மேலே வரை தார்ச்சாலை இருக்கிறது. வெயில் ஏறும் முன் போய்விடுங்கள். ஒரு கூஜா தண்ணீர், சிறுநீர் கழிக்க ஒரு பெட்பான், மறைப்புக்கு இரண்டு போர்வை அவசியம். திடீரென்று கை கால் தளர்ந்தால் நோய் முற்றிவிட்டது என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள். கிருமி இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

மாதாவின் முன் அண்ணி வெகுநேரம் கண்மூடியிருந்தார். வெளியே வந்தோம். கீழே மீனம்பாக்கத்தில் ஒரு விமானம் ஓடி, எழும்பிக்கொண்டிருந்தது.

"ஸ்டெல்லா, அவசரமா வருதுடி."

"என்ன அண்ணி?"

"ஒண்ணுக்குத்தான், வேற என்ன!"

"தாயே, உமக்கு நன்றி" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். போர்வையின் ஒரு முனையை நான் பிடிக்க, மறுமுனையை அதே டாக்சிக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு பிடித்தார்.