பால்கனியில் ஏழு பேசின்

ஈப்போவில் தங்கைக்குப் பிரசவம் என்று இரண்டு வாரம் போயிருந்தேன். பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் செடிகள் வாடிவிடக் கூடாதே என்று, பால்கனியில் ஏழு பேசின்களில், அகலமான பிளாஸ்டிக் பாத்திரங்களில், தண்ணீர் நிரப்பித் தொட்டிகளை அவற்றில் வைத்துவிட்டுப் போனேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

பன்னிரண்டாம் நாள் குடியிருப்பு வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது: எங்கள் மாடியில் ஒருவருக்கு டிங்கிக் காய்ச்சல். கொசு வளர்க்க என்னைவிட யார் இவ்வளவு சிரத்தையாகத் தண்ணீர் வைப்பார்கள்? சாவி வைத்திருக்கும் எதிர்வீட்டு அக்காவை உடனே அழைத்தேன்.

"அக்கா, பால்கனியில இருக்கிற தண்ணியெல்லாம் கொட்டிடுறீங்களா?"

"சாயங்காலம் வந்து கொட்டுறேன் லா. இப்ப ஆஸ்பத்திரியில இருக்கேன். எங்க வீட்டுக்காரருக்குத்தான் டிங்கி."

ஏழு பேசின்களையும் மனதுக்குள் ஒவ்வொன்றாக எண்ணினேன்.

"தண்ணியக் கொட்டிட்டா உன் செடி வாடிடாதா?" என்று கேட்டார் அக்கா.