இறங்கித் தள்ளும், தம்பி

இடது கையால் இருக்கைக்குக் கீழே துழாவி, பெற்றோல் திருகை மெல்லப் பூட்டிவிட்டு, ஒன்றும் அறியாத பிள்ளையைப் போல முகத்தை வைத்துக்கொள்வாள் யசிந்தா. ஓட்டோ இன்னும் கொஞ்சத் தூரம் ஓடும், இருமும், நிற்கும். "ஐயோ, உது பழைய வாகனம்," என்று நெற்றியில் கை வைப்பாள். "இறங்கித் தள்ளும், தம்பி."

எல்லாருக்கும் இந்த உபசாரம் கிடைக்காது. நோயாளிகளோ என்னைப் போல ஓய்வுபெற்ற ஆசிரியைகளோ ஏறினால் அந்த ஓட்டோ சொன்ன சொல் கேட்டு ஓடும். ஒரு பெடியனும் ஒரு பெட்டையும் ஒற்றைப் பையோடு ஏறி, இரண்டு பேரும் அடிக்கடி பின்னால் திரும்பிப் பார்த்தால்தான் அதற்குக் காய்ச்சல் வரும். யாழ்ப்பாணத்தில் ஓடிப்போகிறவர்களுக்கு பஸ் சரிவராது. எந்த பஸ்ஸில் ஏறினாலும் அதில் ஒரு சித்தப்பா இருப்பார். ஆகவே ஓட்டோதான். பாவம், நிற்கிற ஓட்டோக்களுக்குள் பெண் ஓட்டுகிறாள், கரைச்சல் இராது என்று நம்பி யசிந்தாவிடமே போய் விழுகிறார்கள்.

"வயித்துக்குச் சாப்பிட்டுப்போட்டு ஃபோனிலை கதைக்கேக்கை எல்லாரும் நல்லவங்கள்தான், ரீச்சர். வெயிலுக்கை வண்டி தள்ளேக்கை பாக்கோணும்."

அதைப் பார்ப்பதற்காகவே அவளுடைய கண்ணாடி தெருவைப் பார்க்காமல் பின்பக்கத்தைப் பார்க்கும். ஒருமுறை ஒரு பெடியன் தன் தொப்பியைக் கழற்றிப் பெட்டையின் தலையில் வைத்துவிட்டு, வியர்க்க விறுவிறுக்கத் தள்ளினானாம். "அவன் தள்ளின தள்ளிலை எனக்கே வெக்கமாப் போச்சுது." இரண்டு பேருக்கும் இருபது தாண்டியிருந்தது. நேரே பதிவாளரிடம் கொண்டுபோய், சாட்சிக் கையெழுத்தும் வைத்துவிட்டு வந்தாள். வயது காணாவிட்டால் அந்தச் சலுகை இல்லை. "பதினெட்டு வரேல்லையெண்டால், அவன் கொழும்பு மட்டும் தள்ளினாலும் திருப்பி வீட்டைதான்."

இவள் ஊரில் ஒரு காதலையும் வாழவிடமாட்டாள் என்று ஓட்டோத் தரிப்பிடத்தில் ஏரம்பு அண்ணை புலம்புவார். "உங்கடை மகள் ஓடேக்கை சொல்லுங்கோ அண்ணை, அண்டைக்கு நான் லீவு போடுறன்," என்பாள்.

யசிந்தாவுக்குக் கலியாணம் நடந்தபோது பதினாறு. இரண்டாயிரத்தெட்டு, வன்னி. பிள்ளைகளைப் போருக்குப் பிடித்துக்கொண்டு போன காலம். கழுத்தில் தாலி இருந்தால் விட்டுவிடுவார்கள் என்று அவசரமாய்க் கட்டிவைத்தார்கள். அடுத்த வருடம் முகாமும் முள்ளுக்கம்பியும். "சண்டைக்குப் போகாமல் இருக்கத்தான் கட்டி வைச்சவை, ரீச்சர். பேந்து பாத்தால் சண்டை வீட்டுக்குள்ளை." மனுசன் இப்போது எங்கே என்று கேட்டேன். "பிரான்சிலையாம். பாவம் பிரான்ஸ்."

மாதம் ஒருமுறை தெல்லிப்பழை ஆசுப்பத்திரிக்கு இரத்த அழுத்தம் பார்க்கக் கூட்டிப்போய், அரியாலையில் என்னை வீட்டில் விடுவது அவள்தான். போன ஆவணியில் அப்படித் திரும்பும்போது, ஒரு சந்தியில் ஒரு சோடி கை காட்டியது. சாவகச்சேரிக்குப் போகவேண்டுமாம். "ரீச்சர், கொஞ்சம் அரக்கி இருங்கோ," என்றாள் யசிந்தா. பெடியன் பெயர் லெனாட், இருபத்துநாலு இருக்கும். பெட்டை றொசாந்தி.

"என்ன வயது பிள்ளை?" என்று கேட்டேன். பழக்கதோஷம்.

"பத்தொன்பது," என்றான் லெனாட்.

யசிந்தா திரும்பாமலே கேட்டாள்: "உங்கடை பள்ளிக்கூடத்திலை இப்ப கணக்கு ஆர் படிப்பிக்கிறது, பிள்ளை?"

"உதயகலா மிஸ்."

"பதினொராம் வகுப்புக்குமோ?"

"ஆமாக்கா, எங்களுக்கு அவங்கதான்."

லெனாட் றொசாந்தியை முறைத்தான். பதினாறு என்று எனக்கு விளங்கியது. என் வீட்டு ஒழுங்கை வந்தது, போனது. "யசிந்தா, என்ரை வீடு!" "அது அங்கைதான் நிக்கும் ரீச்சர், ஓடாது."

நாவற்குழிப் பாலத்துக்குக் கிட்ட, இரண்டு பக்கமும் கடல்நீர், ஒரு மர நிழல் இல்லை, உச்சி வெயில். ஓட்டோ இருமியது. லெனாட் முதல்முறை சிரித்துக்கொண்டே தள்ளினான். அவன் பின்னால் நின்ற நேரத்தில் றொசாந்தி என்னிடம் கதைத்தாள். தமிழ்நாட்டில் அகதி முகாமில் பிறந்தவள், இரண்டு வருடத்துக்கு முன்தான் குடும்பத்தோடு ஊர் திரும்பியவள். அவள் பேசும் இந்தியத் தமிழுக்கு வகுப்பில் எல்லாரும் சிரிப்பார்களாம். "அவரு மட்டும்தான் சிரிக்கல, டீச்சர்." அதைக் கேட்டபோது எனக்கு அந்த வகுப்பை முழுதாய் எழுப்பி வாங்குகளுக்கு மேல் ஏற்றி நிறுத்தவேண்டும் போலிருந்தது.

இரண்டாம் முறை லெனாட் ஓட்டோவைத் திட்டினான். மூன்றாம் முறை தள்ளச் சொன்னபோது, சுற்றி வந்து கையை உள்ளே விட்டு, "உன்னாலைதானடி இந்தக் கரைச்சல் எல்லாம்," என்று றொசாந்தியின் கன்னத்தில் அறைந்தான்.

முப்பத்தைந்து வருடம் வகுப்புகளை அதட்டிய குரலில் "டேய்!" என்றேன். யசிந்தாவின் குரலில் மட்டும் சீனிப்பாகு. "சரி தம்பி, கோவிக்காதையும். கடைசியாய் ஒருக்கால். பின்னாலை போய் நல்லாய்க் குனிஞ்சு தள்ளும்."

அவன் குனிந்தான். அவள் திருகைத் திறந்தாள். ஓட்டோ உறுமிக்கொண்டு பாய்ந்தது. எட்டிப் பார்த்தேன். லெனாட் தள்ளுவதற்கு ஒன்றுமில்லாமல், நீட்டிய இரண்டு கைகளோடு நடுத்தெருவில் நின்றான். அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. றொசாந்திக்கு வரவில்லை. "திருப்புங்கக்கா, திருப்புங்க," என்று வழிநெடுக அழுதாள்.

பிரதேச செயலக வாசலில்தான் யசிந்தா நிறுத்தினாள். அங்கே பெண்கள், சிறுவர் பகுதியில் இருக்கும் பஸீனா மிஸ்ஸுக்கு இந்த ஓட்டோவின் சத்தமே பழக்கம். வெளியே வந்து படியில் நின்றார். றொசாந்தி இறங்கவில்லை. கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இழுத்து இறக்கலாம். ஆனால் இழுத்து இறக்கிய பிள்ளை நாளைக்கே அவனைத் தேடிப் போகும் என்று மூன்று பெரியவர்களுக்கும் தெரியும்.

"அவரு நல்லவருக்கா," என்றாள். கன்னத்தில் நாலு விரலும் சிவப்பாய்த் தெரிந்தன. "காலையிலருந்து எதுவும் சாப்பிடல. பசியில கோவம் வந்திருச்சு. ஒரு தடவைதானே."

நான் புத்திமதிக்கு வாயைத் திறந்தேன். யசிந்தா கையை உயர்த்தி என்னை நிறுத்தினாள். பிறகு முழுதாய்ப் பின்பக்கம் திரும்பி, வாய்க்குள் விரலை விட்டு எதையோ கழற்றி, உள்ளங்கையில் வைத்து றொசாந்தியின் முன் நீட்டினாள். சின்னத் தகட்டில் நாலு முன்பற்கள். முப்பத்துமூன்று வயதுக்காரியின் மேலுதடு உள்ளே விழுந்து, கிழவியின் முகமாகிவிட்டது.

"என்ரை மனுசனுக்கும் அண்டைக்குப் பசிதான்," என்றாள், காற்றுப் போகும் குரலில்.

பிள்ளை கம்பியை விட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கும்வரை யசிந்தா அந்தக் கையை மடக்கவில்லை.